காசு கொடுத்தது யார்? கிராஃப்டன் ஊரின் குடியேறிப் படக்காரர் லிண்ட்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த காலம். அதன் வடகிழக்கில் கிளாரன்ஸ் ஆற்றங்கரையில் கிராஃப்டன் என்றொரு சிற்றூர். 1870-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு போட்டோ ஸ்டூடியோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நடத்தியவர் ஜான் வில்லியம் லிண்ட், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். வயது முப்பதைத் தொடவில்லை. அவருடைய கேமராவின் முன் இரண்டு வகை மனிதர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

முதல் வகையினர் ஆற்றோரம் நிலம் எடுத்திருந்த வெள்ளைக் குடியேறிகள். இருப்பதில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு வந்து, காசு கொடுத்து, படத்தை வாங்கிப் போனார்கள். இரண்டாம் வகையினர் கும்பைங்கிர், பண்ட்ஜலங் என்ற பூர்வகுடி மக்கள். அந்த ஆறும் காடும் அவர்களுடையவை. அவர்கள் உட்கார்ந்து எடுத்த படங்களை வாங்கியவர்கள் வேறு யாரோ. கேமரா, கூரை வழியாக விழுந்த வெளிச்சம், கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனம் எல்லாம் இரு வகையினருக்கும் ஒன்றேதான். ஆனால் வந்த படங்கள் வேறு வேறு உலகத்தவை.

லிண்ட்டைப் பற்றி எழுதுபவர்களில் ஒரு சாரார் அவரை ஒளியின் கலைஞர் என்பார்கள். இன்னொரு சாரார் வெள்ளையரின் பார்வைக்குச் சேவகம் செய்தவர் என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனாலும் அவருடைய படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதை இரண்டுமே சொல்வதில்லை. அதற்கு ஒவ்வொரு படத்துக்கும் யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பிழைக்க வந்த ஒரு குடியேறியின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு தொடர்ந்து போனால், அவருடைய கலையும் அதன் பாரமும் சேர்ந்தே தெரிகின்றன.

லிண்ட் 1845-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று பிறந்தார். தந்தை சுங்கத் துறை ஊழியர். பதினேழாவது வயதில் வீட்டை விட்டு ஓடி ஒரு டச்சுக் கப்பலில் சேர்ந்தார். கப்பல் பிரிஸ்பேன் வந்ததும் அங்கிருந்தும் தப்பினார். ஒப்பந்த காலம் முடியும் முன் கப்பலை விட்டு ஓடுவது அன்று குற்றம். துறைமுகத்தில் தங்கினால் பிடிபடலாம், உள்நாட்டுக்குப் போய்விட்டால் தேடி வருவார் இல்லை. 1863-க்குள் அவர் கிராஃப்டனில் இருந்தார். அங்கே முதலில் பார்த்த வேலை பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது. மரத்தை வெட்டிவிட்டு மண்ணைக் கொத்திக்கொண்டிருந்த ஊரில் பியானோ எதற்கு என்று தோன்றும். கொஞ்சம் காசு சேர்ந்த குடியேறிக் குடும்பம், தான் இன்னும் ஐரோப்பாவைச் சேர்ந்ததுதான் என்று காட்டிக்கொள்ள முதலில் வாங்கிய பொருள்களில் ஒன்று அது. ஈரக்காற்றில் அதன் சுருதி அடிக்கடி கலையும். சரிசெய்ய ஆள் வேண்டும். லிண்ட் பின்னால் விற்கப்போகும் படங்களுக்கும் இதே தேவைதான் அடிப்படை.

கிராஃப்டன் வளர்ந்தது மரத்தால். 1830-களின் கடைசியில் செஞ்சீடர் மரம் வெட்டுபவர்கள் ஆற்று வழியே வந்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சந்தன வேம்பு என்று சொல்லப்படும் அதே மரம்தான் அது. அவர்கள் பின்னாலேயே ஆடுமாடுகளோடு பெரும் மேய்ச்சல்காரர்கள் வந்தார்கள். 1861-இல் நிலச் சட்டம் மாறியது. சாதாரணக் குடியேறி ஒருவர், நில அளவை நடப்பதற்கு முன்பே, 40 முதல் 320 ஏக்கர் வரை ஏக்கருக்கு ஒரு பவுன் விலையில் குறித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. ஆற்றோர வண்டல் மண்ணில் முதலில் சோளம் போட்டார்கள், பிறகு கரும்பு. 1874-இல் கீழாற்றில் ஹார்வுட் சர்க்கரை ஆலை எழுந்தது. மலைப்பக்கம் சோல்ஃபெரினோ, லயன்ஸ்வில் என்ற இடங்களில் தங்கம் கிடைத்தது என்ற செய்தியும் பரவியது. சிட்னியிலிருந்து நீராவிப் படகுகள் முகத்துவாரத்து மணல்திட்டைத் தாண்டி ஆற்றுக்குள் வந்தன. படக்காரருக்கு வேண்டிய கண்ணாடியும் காகிதமும் மருந்தும் வெளியூரிலிருந்து வந்தாக வேண்டும். அவை வந்ததும் இந்த வழியாகத்தான்.

ஊரில் கான்ராட் வாக்னர் என்ற இன்னொரு ஜெர்மானியர் இருந்தார். ஓவியர், போட்டோவும் எடுப்பவர். அவரிடம்தான் லிண்ட் தொழிலில் நுழைந்தார். 1867-இல் ஒருமுறை ஜெர்மனிக்குப் போய்த் திரும்பி வந்தார். பிறகு தொழில் அவர் கைக்கு வந்தது. 1872 ஜனவரியில் வாக்னரின் மகள் அன்னாவை மணந்தார். தொழில் கற்றவர் வீட்டு மருமகனாவது எந்த நாட்டுக் கைத்தொழிலிலும் நடப்பதுதான். ஆங்கிலேயர்கள் ஆண்ட ஊரில், இங்கிலீஷைப் பிறகு கற்றுக்கொண்ட ஒரு வாலிபன் நிலைத்து நிற்க, சொந்த மொழி பேசிய ஒரு வீடு பெரிய பலமாக இருந்திருக்கும்.

அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். படங்களில் நாம் பார்க்கும் பல விஷயங்களுக்குக் காரணம் அதில் இருக்கிறது.

அன்றைய முறைக்கு ஈரத்தகடு என்று பெயர். துடைத்துச் சுத்தமாக்கிய கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசினை ஊற்றி, தகட்டைச் சாய்த்துச் சாய்த்து நான்கு மூலைக்கும் ஓடவிட வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சை ஈத்தரிலும் சாராயத்திலும் கரைத்து, அயோடைடு உப்பு கலந்தது அந்தப் பிசின். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தகட்டை முக்கி எடுத்தால் அதற்கு ஒளியை உணரும் தன்மை வரும். ஈரம் காயும் முன், அதாவது சில நிமிடங்களுக்குள், கேமராவில் வைத்துப் படமெடுத்து, உடனே இருட்டறைக்குத் திரும்பி உருத்துலக்க வேண்டும். வெயில் காலத்தில் ஈரம் இன்னும் சீக்கிரம் காயும். படத்தை நிலைப்படுத்த பொட்டாசியம் சயனைடையே பலர் பயன்படுத்தினார்கள். விரல்களில் வெள்ளி நைட்ரேட் கறை ஏறி நிரந்தரமாகக் கறுத்திருக்கும். ஸ்டூடியோவுக்கு வெளியே படமெடுக்க வேண்டுமென்றால் இருட்டறையையே கூடாரமாகச் சுமந்துகொண்டு போக வேண்டும். சோல்ஃபெரினோ சுரங்கக்காரர்களின் குடிசைகளை லிண்ட் எடுத்தது இப்படித்தான். மலைப்பாதையில் கண்ணாடியும் சயனைடும் ஈத்தரும் குதிரை வண்டியில் குலுங்கிக்கொண்டு வந்திருக்கின்றன.

படத்துக்கு உட்காருபவர் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். தலைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இரும்புத் தாங்கி பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் காலப் படங்களில் யாரும் சிரிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். அவர்களெல்லாம் இறுக்கமான மனிதர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஈரத்தகடு நீல ஒளியை மட்டும்தான் நன்றாக உணரும். மஞ்சளும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. அதனால்தான் அக்காலப் படங்களில் நீல வானம் வெள்ளைத்தாள் போல் வெறுமையாக இருக்கிறது. அதே காரணத்தால், சிவப்பும் பழுப்பும் கலந்த மனிதத் தோல் இருப்பதைவிடக் கறுப்பாகப் பதிவாகும். கும்பைங்கிர் மக்களின் தோல் நிறம் அந்தப் படங்களில் இருக்கும் அளவுக்குக் கறுப்பாக இருந்தது என்று நம்பிவிடக் கூடாது. ரசாயனம் அந்த நிறத்தைக் கூட்டியிருக்கிறது. இந்த விளக்கம் எங்கோ லண்டனில் படத்தை வாங்கியவருக்குத் தெரியாது. கேமரா பொய் சொல்லாது என்று நம்பிய தலைமுறை அது.

குடியேறிகளின் படங்களுக்கு வருவோம். 1854-இல் பாரிசில் காப்புரிமை பெற்ற சிறு அட்டைப்படம், 1860-களில் உலகெங்கும் பரவியது. ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர் உயரமும் ஆறு சென்டிமீட்டர் அகலமுமான காகிதப் படம், தடித்த அட்டையில் ஒட்டப்பட்டிருக்கும். அட்டையின் பின்புறம் ஸ்டூடியோவின் பெயர். தபாலில் அனுப்பத் தோதானது. ஒரு தகட்டை எடுத்துவிட்டால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கிளாரன்ஸ் ஆற்றோரம் இருந்த ஒரு குடும்பத்துக்கு இதன் மதிப்பு என்ன என்று நினைத்துப் பாருங்கள். தாய் ஸ்காட்லாந்திலோ ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியிலோ இருக்கிறாள். மகன் உயிரோடு திரும்பி வருவான் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. பேரக்குழந்தையை அவள் பார்க்கும் ஒரே வழி இந்த அட்டைதான்.

அதனால் அந்தப் படத்தில் மகன் மண் படிந்த சட்டையோடு இருக்க மாட்டான். நல்ல கோட்டு, கழுத்தில் துணி, அருகில் செதுக்கிய நாற்காலி. அவன் வீட்டில் அப்படியொரு நாற்காலி இல்லாமலிருக்கலாம், அது ஸ்டூடியோவுடையது. நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்களில் மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரைக்கு முன் நின்று எடுத்த கல்யாணப் படங்களை நினைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு புரியும். படத்தில் தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதைக் காசு கொடுத்தவர் முடிவு செய்கிறார். அதற்கு வேண்டிய பொருள்களைப் படக்காரர் தயாராக வைத்திருக்கிறார். பிடிக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் படத்தை மறுக்கலாம். உட்கார்ந்தவர் பெயர் கணக்கில் இருக்கும்.

பூர்வகுடிகளின் படங்களில் இந்த உரிமை ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை.

அவர்கள் எந்த நிலையில் அந்த ஸ்டூடியோவுக்குள் வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் படங்களைப் பற்றிப் பேசுவது முறையல்ல. 1847 நவம்பரில், கிராஃப்டனுக்குத் தெற்கே கங்காரு கிரீக் என்ற இடத்தில், தாமஸ் கூட்ஸ் என்ற மேய்ச்சல்காரர் தன்னிடம் வேலை செய்த கும்பைங்கிர் மக்களுக்குக் கூலிக்குப் பதிலாகப் பாஷாணம் கலந்த மாவைக் கொடுத்தார். 23 பேர் இறந்தார்கள். அவர் கைது செய்யப்பட்டார். ஆனால் வழக்கு நிற்கவில்லை. பூர்வகுடிகள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதை அன்றைய சட்டம் ஏற்கவில்லை. லிண்ட் கிராஃப்டனில் கேமராவை நிறுத்தியபோது இது நடந்து கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. அந்த நாளைப் பிள்ளைப் பருவத்தில் கண்டவர்கள் உயிரோடு இருந்த காலம். 1870-களில் பூர்வகுடிகளில் பலர் மேய்ச்சல் பண்ணைகளில் குதிரை ஓட்டினார்கள், மரம் வெட்டினார்கள், வீட்டு வேலை செய்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ராணியின் பிறந்தநாளில் அரசு ஒரு போர்வை கொடுத்தது. சட்டையும் கால்சட்டையும் கவுனும் போட்டுக்கொண்டு அதே ஊர்த் தெருக்களில் நடந்தார்கள்.

லிண்ட்டின் ஸ்டூடியோ இந்த வாழ்க்கையைக் காட்டவில்லை. பின்னால் காடு வரைந்த திரை. தரையில் பிடுங்கி வந்த புல்லும் செடியும் மரப்பட்டையும். கையில் ஈட்டி, பூமராங், கேடயம். வெளியே கதவுக்கு அப்பால் உண்மையான காடு இருக்கிறது. உண்மையான காட்டிலிருந்து வந்த மனிதர்களை உள்ளே அழைத்து வந்து, வரைந்த காட்டுக்கு முன் உட்கார வைத்திருக்கிறார். ஈரத்தகட்டுக்கு ஸ்டூடியோ வெளிச்சம்தான் வசதி என்பது ஒரு காரணம். வாங்கப் போகிறவருக்கு வேலியும் பண்ணையும் போர்வையும் இல்லாத பூர்வகுடி தேவைப்பட்டார் என்பதுதான் பெரிய காரணம். ஆனாலும் குடியேறிகளின் உலகத்தை அவர் முழுமையாக வெட்டி நீக்கிவிடவில்லை. சில படங்களில் ஐரோப்பியத் துணி உடலில் இருக்கிறது. பண்ணைக்காட்டு வெள்ளையர் ஒருவரும் பூர்வகுடி ஆண் ஒருவரும் ஒரே படத்தில் இருக்கும் ஸ்டூடியோப் படம் ஒன்றும் உண்டு. இரண்டு வாழ்க்கைகளும் பின்னிக் கிடந்ததை அவரால் மறைத்து முடிக்க முடியவில்லை.

இந்தப் படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்து 'ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள்' என்ற ஆல்பமாக 1873-74-இல் வெளியிட்டார். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்ட, பழுப்பேறிய அழகான படங்கள். சிட்னிப் பத்திரிகைகள் பாராட்டின. பயணிகளும் குடியேற்ற அதிகாரிகளும் வாங்கினார்கள், ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போயின. இந்த இனம் சீக்கிரம் அழிந்துவிடும், அதற்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற நம்பிக்கை அன்று படித்தவர்களிடம் பரவலாக இருந்தது. அழிவு தானாக வந்ததுபோல் அவர்கள் பேசினார்கள். கங்காரு கிரீக்கின் மாவு அந்தப் பேச்சில் வரவில்லை.

இது லிண்ட் ஒருவருடைய வழக்கமில்லை. இந்தியாவின் மக்களை இனம் இனமாகப் பிரித்துக் காட்டும் எட்டுத் தொகுதிகள் 1868-க்கும் 1875-க்கும் இடையில் லண்டனில் வெளிவந்தன. லிண்ட் படம் எடுத்துக்கொண்டிருந்த அதே 1873-இல், நீலகிரியின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் பற்றி அந்த மாவட்டத்தின் பிரிட்டிஷ் அதிகாரி பிரீக்ஸ் எழுதிய நூல் வெளிவந்தது. அதன் படங்களை எடுத்தவர்கள் சென்னைக் கலைப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். கடல் கடந்த இரண்டு இடங்களில் ஒரே ஆண்டில் ஒரே வகைப் படங்கள் வந்ததற்குக் காரணம், இரண்டுக்கும் வாங்குபவர் ஒருவரே என்பதுதான்.

ஆனால் லிண்ட்டின் படங்களை மற்ற பல 'இன வகை' படங்களோடு சேர்த்து ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. முகத்தில் விழும் வெளிச்சத்தில் அவர் எடுத்துக்கொண்ட சிரத்தை, வெள்ளைக்கார வாடிக்கையாளருக்குச் செய்ததைவிடக் குறைந்ததில்லை. உட்கார்ந்திருப்பவர்களின் கண்களில் இருக்கும் நிதானம் படக்காரர் கொடுத்ததல்ல, அவர்களுடையது. அதைத் தகட்டில் இறக்கும் திறமை அவரிடம் இருந்தது. அதே திறமைதான் அந்தப் பொய்யான காட்டை நம்பும்படியும் செய்தது. சிரத்தையோடு செய்த வேலை என்பதால்தான் அந்தப் பொய் இத்தனை காலம் நின்றது.

1876-இல் லிண்ட் மெல்போர்ன் போனார். தங்கத்தால் பெருத்த நகரம். சொந்த ஸ்டூடியோ, நாடக நடிகைகள், சீமான்கள், கண்காட்சிப் பதக்கங்கள் என்று வாழ்க்கை ஏறியது. இந்தக் காலத்தை வேகமாகக் கடக்கலாம், ஒரே ஒரு படத்தைத் தவிர.

1880 ஜூன் 28. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் கிளென்ரோவன் என்ற இடத்தில் நெட் கெல்லியின் கொள்ளைக் கூட்டத்தைப் போலீஸ் சுற்றி வளைத்தது. கூட்டாளி ஜோ பர்ன் சுடப்பட்டு இறந்தார். வயது 23. மறுநாள் பெனால்லா ஊர்க் காவல் நிலையத்துக் கதவில், போட்டோ எடுப்பதற்கு வசதியாக, அவருடைய உடலைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார்கள். அங்கே ஒரு படக்காரர் கேமராவை நெருக்கமாக வைத்து உடலை எடுத்துக்கொண்டிருந்தார். லிண்ட் அவருக்குப் பின்னால் தள்ளி நின்று எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தார். தொங்கும் உடல், அதைக் குறிவைக்கும் கேமரா, வேடிக்கை பார்க்கும் கூட்டம், எல்லாம் ஒரே படச்சட்டத்துக்குள். இடப்பக்கம் ஓவியர் ஜூலியன் ஆஷ்டன், வரைந்து முடித்த தாள்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து போகிறார். ஆஸ்திரேலியாவின் முதல் பத்திரிகைப் படம் என்று பலர் இதைச் சொல்கிறார்கள்.

என் பார்வையில் இதன் முக்கியத்துவம் வேறு. லிண்ட்டின் வாழ்நாள் படங்களில், படம் என்ற வியாபாரமே கண்ணுக்குத் தெரியும் படம் இது. எடுக்கப்படுபவருக்கு மறுக்க வழியில்லை. போலீஸ் ஏற்பாடு செய்கிறது, பத்திரிகை காத்திருக்கிறது, ஊர் பார்க்கிறது. கிராஃப்டனில் திரைக்குப் பின்னால் மறைந்திருந்த அத்தனை பேரும் இங்கே படச்சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அவர் தெரிந்து செய்தாரா, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றாரா என்பது படத்தின் உண்மையை மாற்றாது.

அதே காலத்தில் தொழிலும் மாறியது. முன்கூட்டியே பூசி உலர்த்திய ஜெலட்டின் தகடுகள் சந்தைக்கு வந்தன. இருட்டறைக் கூடாரம் வேண்டாம், பல விநாடிகள் அசையாமல் இருக்கவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் உலர்தகட்டை முதலில் கையாண்டவர்களில் லிண்ட் ஒருவர். 1885-இல் அவர் நியூ கினிக்குப் போக முடிந்ததும் இதனால்தான். முந்தைய ஆண்டு நவம்பரில் அந்தத் தீவின் தென்கிழக்கைப் பிரிட்டன் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டதாக அறிவித்திருந்தது. சிறப்பு ஆணையராக சர் பீட்டர் ஸ்கிராட்ச்லி அனுப்பப்பட்டார். அவரோடு போன அதிகாரப்பூர்வப் படக்காரர் லிண்ட். ஸ்கிராட்ச்லி அந்த ஆண்டு டிசம்பரில் காய்ச்சலில் இறந்தார். லிண்ட் படங்களோடு திரும்பினார். 50 படங்கள் கொண்ட அவருடைய நியூ கினி நூல் 1887-இல் லண்டனில் வெளிவந்தது. இந்த முறை அவர் போனது பேரரசின் பயணத்தோடு. புதிதாகக் கைக்கு வந்த மண் எப்படியிருக்கிறது என்று வீட்டிலிருந்தபடியே பார்க்க ஆசைப்பட்ட வாசகர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். பிரிட்டிஷ் கொடியின் கீழ் போன இந்தப் படக்காரர் ஜெர்மானியர். அதே தீவின் வடகிழக்கு அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது.

அந்த நூலில் உயரமான மரத்தின் மேல் கட்டிய கோய்யாரி மக்களின் வீடு ஒன்றின் படம் உண்டு. சொல்லக் காரணம் இருக்கிறது. 1890-களில் மெல்போர்னின் நிலச் சூதாட்டம் வெடித்து வங்கிகள் ஒவ்வொன்றாக மூடியபோது, போட்டோவுக்குச் செலவழிக்க யாரிடமும் பணம் இல்லை. லிண்ட் ஸ்டூடியோவை மூடிவிட்டு, ஹீல்ஸ்வில் அருகே பிளாக் ஸ்பர் மலைப்பாதையில் 'ஹெர்மிட்டேஜ்' என்ற விருந்தினர் விடுதியைக் கட்டினார். நெட்டென்று வளர்ந்த யூகலிப்டஸ் மரங்களும் பெரணிப் பள்ளத்தாக்குகளும் உள்ள இடம். அங்கே மரங்களின் மேல் நியூ கினி பாணியில் வீடுகள் அமைத்தார். கோய்யாரி மக்கள் எதிரிகளிடமிருந்து தப்பிக்கக் கட்டிய வீடு, நகரத்துப் பயணிகள் தேநீர் குடிக்கும் மேடையாக மாறியது. அன்னா 1888-இல் இறந்த பிறகு, தன் ஸ்டூடியோவில் வேலை பார்த்த கேதரின் கசின்ஸை அவர் மணந்திருந்தார். விடுதியை இருவரும் சேர்ந்து நடத்தினார்கள்.

1914-இல் போர் வந்ததும் ஆஸ்திரேலியாவில் ஜெர்மன் பெயர் சுமப்பது ஆபத்தானது. ஏறத்தாழ 7,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஊர்ப் பெயர்கள் மாற்றப்பட்டன. ஐம்பது ஆண்டுகளாக அந்த நாட்டைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டிய மனிதரின் பெயரும் அந்தப் பெயர்களில் ஒன்றுதான். 1926 பிப்ரவரியில் விக்டோரியாவின் மலைக்காடுகளில் பெருந்தீ பரவியது. அந்தத் தீ நாட்களில், பிப்ரவரி 19 அன்று, லிண்ட் இதயம் செயலிழந்து இறந்தார். வயது 81.

அந்தப் பூர்வகுடி ஆல்பத்தின் கதை அதோடு முடியவில்லை. அதை வாங்கியவர்கள் மறைந்து போனார்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசு 1883-இல் பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்றை அமைத்து, 1909-இல் அதற்குச் சட்ட அதிகாரமும் கொடுத்தது. பாதுகாப்பு என்ற பெயரில் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். தலைமுறைகளாக இது நடந்தது. கொண்டுபோகப்பட்ட பிள்ளைக்குத் தாயின் முகம் நினைவிருக்காது. பாட்டியின் படம் என்று எதுவும் வீட்டுச் சுவரில் இருக்காது. வெள்ளைக் குடியேறிக் குடும்பங்களுக்கு லிண்ட் எடுத்துக் கொடுத்த அட்டைகள் போன்றவை அவர்களுக்குக் கிடைத்ததே இல்லை.

கிடைத்தது அந்த ஆல்பம்தான். லிண்ட்டின் பூர்வகுடிப் படங்களின் ஒரு தொகுப்பு இன்று கிராஃப்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. அங்கே அந்தப் பகுதிப் பூர்வகுடிகளோடு சேர்ந்து, படங்களில் இருப்பவர்கள் யார் என்று தேடும் வேலை நடந்தது. குடும்பக் கதைகளையும் பண்ணைக் கணக்குகளையும் முகச்சாயலையும் வைத்துப் பெயர்களை மீட்கப் பார்த்தார்கள். 'உல்மராவின் மேரி-ஆன்' என்ற இளம்பெண்ணின் படம்போல், பெயரும் ஊரும் ஒட்டிக்கொண்டு வந்தவை மிகக் குறைவு. மற்றவர்கள் ஈட்டியோடு இருக்கும் ஆண், குழந்தையோடு இருக்கும் பெண் என்றே விற்கப்பட்டார்கள். காசு கொடுத்தவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. இன்று தேடி வருபவருக்குப் பெயர்தான் எல்லாமும். அதே தகடு, அதே முகம். பார்ப்பவர் மாறியதும் அந்தப் படம் இன வகையிலிருந்து ஒரு வீட்டின் கொள்ளுப்பாட்டியாகிவிடுகிறது. இறந்தவர் முகத்தைக் காட்டுவதும் பெயரைச் சொல்வதும் பூர்வகுடிச் சமூகங்கள் பலவற்றில் கட்டுப்பாடு உள்ள விஷயம். அதனால் எந்தப் படத்தை எங்கே மாட்டலாம் என்று சொல்லும் உரிமையும் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்ததே.

ஒரு தகட்டிலிருந்து பல பிரதிகள் போட்டதால், ஒரே மனிதரின் படம் சிட்னியிலும் கான்பராவிலும் மெல்போர்னிலும் ஐரோப்பிய அருங்காட்சியக அலமாரிகளிலும் தனித்தனியாகக் கிடக்கிறது. கிராஃப்டனில் ஒரு பெயர் கண்டுபிடிக்கப்பட்டால், அந்த எல்லாப் பிரதிகளின் குறிப்பேட்டிலும் அது ஏற வேண்டும். படக்காரர் பெயர் எல்லா இடத்திலும் முதல் வரியில் இருக்கிறது. உட்கார்ந்தவர் பெயர் அதன் பக்கத்தில் வர இனி தடை எதுவும் இல்லை. அந்தந்த நிறுவனத்தில் யாராவது அதை எழுதிச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.